நீலக் கதவு ஜாகை

அத்தியாயம் ஒன்பது

வேதாசலத்தின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருக்கிறது. நிச்சயத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, கூறைப் புடவை எடுத்தாகிவிட்டது, சமையற்காரனைக்கூடப் பிடித்தாகிவிட்டது. ஆம்பூரிலிருந்து கிளம்பும் மாப்பிள்ளை வீட்டு ஜனத்தை வேலூரில் எங்கே தங்கவைப்பது என்பதுதான் பாக்கி. "ஜாகையை நானே கண்ணால பாத்தாத்தான் ஆச்சு" என்று அக்காள் அமிர்தவள்ளி பிடித்த பிடிவாதத்தைப் போன வாரம் பார்த்தோம். அவள் பேசாமல் ஊரிலேயே இருந்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும். அவளுக்கு மட்டும் போயிருக்காது.

காலை ரயிலில் அவளும் புருஷன் கன்னியப்பனும் காட்பாடியில் வந்து இறங்கினார்கள். வேதாசலம் முன்னதாகவே வந்து காத்திருந்தான். கறுப்பு அல்பாகா கோட்டு, கக்கத்தில் குடை, வகிடு எடுத்துப் படிய வாரிய கிராப்பு. கோட்டைக்குள் குமாஸ்தா உத்தியோகம் என்றால் சும்மாவா?

"வாக்கா, வா மாமா" என்றவனின் பார்வை அக்காளின் முகத்துக்குப் போகவில்லை. நேரே கைக்குப் போயிற்று.

முந்தாநாள் வரை தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம் பட்டை இடித்த கை அது. எலுமிச்சை மூடியும் புளியும் போட்டு எவ்வளவு தேய்த்தும் உள்ளங்கையில் ஊறிய செம்பழுப்பு போகவில்லை. தன் பாட்டை நினைத்துத் தம்பி வருத்தப்படுகிறான் என்று எண்ணி அமிர்தவள்ளி உருகிப் போனாள்.

"கல்யாணத்துக்குள்ள போய்டும்டா. இனிமே ஷாப்புக்குப் போவல" என்று அவளே சமாதானம் சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று அவன் குடையைக் கைமாற்றிக்கொண்டான்.

காலரா வந்த வருஷம் தகப்பனும் தாயும் அடுத்தடுத்துப் போனபோது, வேதாசலம் இடுப்பில் இருக்கிற பிள்ளை. அமிர்தவள்ளி தாவணி போட ஆரம்பித்த பெண். அன்றைக்கு அவனைத் தூக்கியவள் இறக்கவே இல்லை. ஷாப்பில் பட்டை இடித்து அவனைப் படிக்கவைத்தாள். கன்னியப்பன் பெண் கேட்டு வந்தபோது, "தம்பியும் கூட வருவான், சம்மதமா?" என்று கேட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் இவனுக்கு அடுத்ததாகத்தான் இருந்திருக்கும்.

இத்தனைக்கும் பதிலாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட அவள் கேட்க வேண்டியதில்லை, ஊர் வழக்கமே கொடுத்திருக்கிறது. தாலியில் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மூன்றாவது முடிச்சு நாத்தனார் முடிச்சு, மாப்பிள்ளையின் அக்காள் தங்கைதான் போட வேண்டும். மணப்பெண்ணின் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவள்தான். அந்த மூன்றாவது முடிச்சுக்காகத்தான் தன் கைகள் இத்தனை வருஷம் ஓடின என்று அமிர்தவள்ளி நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவோட விளக்கு மெருகு போட்டாச்சா?" என்று ஜட்காவில் ஏறும்போதே கேட்டாள். அந்தப் பித்தளை விளக்கைத்தான் போன மாதம் துணியில் சுற்றி அவனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"பட்டறையிலயே கிடக்குக்கா. இன்னிக்கு நாளைக்குன்றான் அந்த ஆளு."

"நசுங்கின இடத்தைத் தட்டச் சொல்லாதே. நீ தவழுற வயசுல உருட்டிவுட்டது அது. அப்டியே இருக்கட்டும்."

"சரிக்கா."

ஜட்கா கிளம்பி நூறு அடி போவதற்குள் வேதாசலம் நிறுத்தச் சொன்னான். எதிரே ஒரு சத்திரம். "மொதல்ல இதைப் பாருங்க. ஸ்டேஷன் பக்கம். நம்ம ஜனங்க ரயில்லேருந்து இறங்குனா நேரா உள்ள போய்ப் படுத்துக்கலாம். விசாலமான எடம், வாடகையும் கம்மி."

வீடோ சத்திரமோ, அமிர்தவள்ளி சுவரையும் கூரையையும் பார்க்கிறவள் இல்லை. நேரே கிணற்றடிக்குப் போவாள். ஷாப்புத் தண்ணீர் இறங்கி ஊர்க் கிணறெல்லாம் கெட்டுப்போன இடத்தில் பிறந்தவள் வேறு எதைப் பார்ப்பாள்? ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். உடனே துப்பினாள்.

"உப்புடா."

கன்னியப்பனும் ருசி பார்த்தான். "இந்தத் தண்ணில தோலைப் போட்டா உப்புன்னு தனியா வாங்கவே வேணாம். மொதலாளிக்குச் சொல்லணும்" என்றான்.

"ரெண்டு நாள்தானே மாமா" என்றான் வேதாசலம்.

"ரெண்டு நாளோ ஒரு நாளோ. முகூர்த்தம் விடியக்காலம். இங்கேருந்து பாலாத்துப் பாலம் தாண்டி, வேலூர் தாண்டி, வேலப்பாடியில பொண்ணு வீட்டுக்கு எப்போ போய்ச் சேர்றது? நான் தலைவாரிப் பூ வெச்சு வர்றதுக்குள்ள தாலி கட்டிடுவே நீ!" என்று அமிர்தவள்ளி சிரித்தாள்.

வேதாசலம் சிரிக்கவில்லை. "ஜட்கா ஏற்பாடு பண்றேன்கா. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவள் ஒப்பவில்லை. வண்டி பாலத்தின் மேல் ஏறியது. கீழே பாலாறு, கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல்.

அடுத்தது லாங் பஜாரில் ஒரு காபி கிளப்பின் மேல்மாடி. கீழே அடுப்பு, மேலே புகை. மாடிப்படி ஏணிக்குத் தங்கச்சி. "இதுல ஏத்தினா நம்ம ஜனம் பாதி கல்யாணத்துக்குப் போவும், பாதி ஆஸ்பத்திரிக்குப் போவும்" என்றான் கன்னியப்பன். கல்லாவில் இருந்தவர் மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு, "எந்த ஊரு? ஆம்பூரா? இன்னா தொழிலு?" என்று கேட்டார்.

"வியாபாரம்" என்று வேதாசலம் முந்திக்கொண்டு சொன்னான்.

என்ன வியாபாரம் என்று அவர் கேட்பதற்குள் எல்லாரையும் தெருவுக்கு இறக்கிவிட்டான். அமிர்தவள்ளிக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் ஷாப்பு ஜனம் என்றால் இடம் கொடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு, தம்பி சாமர்த்தியமாகச் சமாளிக்கிறான் என்று அதற்கும் ஒரு நல்ல அர்த்தம் கற்பித்துக்கொண்டாள். பாசம் இருக்கிற இடத்தில் புத்திக்கு வேலை கிடையாது.

கோட்டையின் எதிரே வந்தபோதுதான் அந்த வீடு அவள் கண்ணில் பட்டது. அகழியைப் பார்த்தாற்போல் இரண்டு கட்டு மாடி வீடு. நவாபு காலத்துத் தூண்கள். நீலச் சாயம் பூசிய பெரிய கதவு. வாசலில் வேப்பமரம். மாடியில் மரக்கிராதி போட்ட ஜன்னல்கள் அகழித் தண்ணீரையும் அதற்கப்பால் கோட்டைச் சுவரையும் பார்த்தபடி இருந்தன. 'இவ்விடம் தங்க ஜாகை கிடைக்கும்' என்று ஒரு பலகை.

"இது எப்டிடா?"

"அது சரிப்படாதுக்கா."

"ஏன்?"

"வாடகை ஜாஸ்தி. அதுவும் காலி இல்ல."

"கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்." வேதாசலம் கோட்டுப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். "ஆபீசுக்கு நேரமாச்சு. நீங்க கிளப்புல சாப்ட்டுட்டு மத்யான வண்டிக்குப் போய்டுங்க. போற வழியில அந்தக் காட்பாடிச் சத்திரத்துக்கே அச்சாரம் குடுத்துடுங்க. அதான் நமக்கு ஒத்துவரும்."

சொல்லிவிட்டு, அகழிப் பாலத்தைத் தாண்டிக் கோட்டைக்குள் விடுவிடென்று போய்விட்டான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும், "வண்டி புடிக்கட்டுமா?" என்று கன்னியப்பன் கேட்டான்.

"அந்த நீலக் கதவை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவலாம்."

"அதான் காலி இல்லன்னானே உன் தம்பி."

"இல்லன்னா இல்ல. கிணத்தையாவது பாத்துட்டு வர்றேன்."

வீட்டுக்காரர் அமீர் பாஷா மருதாணிச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, துருக்கித் தொப்பி. பெண்பிள்ளையைக் கண்டதும் எழுந்துகொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. இன்னா வேணும், ஜாகையா?"

"கல்யாணத்துக்கு, பாய். அடுத்த வாரம். மொதல்ல தண்ணி எப்டின்னு பாக்கலாமா?"

பாஷாவுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாரும் வந்தா கட்டில் இருக்கா, மூட்டைப்பூச்சி இருக்கான்னு கேப்பாங்க. நீங்கதான் கிணத்தைக் கேக்கறீங்க. பாருங்க, பாருங்க."

ராட்டினத்தில் இரும்பு வாளி தொங்கியது. துருப்பிடித்த கைப்பிடி. அமிர்தவள்ளி வாளியை இறக்கிச் சேந்தினாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். இளநீர் போல் இருந்தது. அப்பாடா என்று இன்னொரு கையும் குடித்தாள்.

"நல்ல தண்ணி, பாய்" என்று நிமிர்ந்தவள், பாஷா தன் கையையே பார்ப்பதைக் கண்டாள். அப்போதுதான் தானும் பார்த்தாள். வாளிப்பிடி பட்ட இடமெல்லாம் மசியைக் கொட்டினாற்போல் கறுத்திருந்தது.

ஆவாரம் பட்டைச் சாறு ஊறிய கை ஈர இரும்பைத் தொட்டால் கறுத்துப் போகும். ஷாப்பில் இருப்பவர்களுக்கு அது பாலபாடம். அதனால்தான் அங்கே ஊறுகிற தோல் பக்கம் ஓர் ஆணியைக்கூட அண்டவிடமாட்டார்கள். தம்பி கல்யாணச் சந்தோஷத்தில் அமிர்தவள்ளி அதை மறந்துவிட்டாள்.

"எந்த ஷாப்பும்மா? ஆம்பூரா, பேரணாம்பட்டா?" என்று பாஷா சாதாரணமாகக் கேட்டார்.

அவள் கையை முந்தானையில் மறைத்தாள்.

"மறைக்காதீங்க. எங்க அண்ணன் பேரணாம்பட்டுல ஷாப் வெச்சிருக்கார். எனக்குத் தெரியாத கறையா? இது உழைச்ச கை." பாஷா கொஞ்சம் தயங்கினார். "ஒரு விசயம் முன்னாடியே சொல்லிடறேன். மாடியில ரெண்டு அறை ஒரு கல்யாண கோஷ்டி எடுத்திருக்கு. இன்னொண்ணு காலி. கீழ்க்கட்டு பூரா காலி. ஆனா அந்த மாப்ளே சொல்லிட்டுப் போயிருக்கார், 'ஆம்பூர்லேருந்து ஷாப்பு ஜனங்க வந்து கேட்டா குடுக்காதீங்க, சம்பந்தி வீட்ல மொகஞ்சுளிப்பாங்க'ன்னு. நான் அப்டிப் பாக்கற ஆளு இல்லம்மா. பக்கத்துல இருக்க உங்களுக்குச் சங்கடமா இருக்கப்போவுதேன்னுதான் சொல்றேன்."

"யாரு பாய் அந்த மாப்பிள்ளை?" என்று அமிர்தவள்ளி கேட்டாள்.

"நம்ம கோட்டையில குமாஸ்தாதான். வேதாசலம்னு பேரு. நல்ல பையன். அவரோட அக்கா போன வாரம் வந்து அறையெல்லாம் பாத்துட்டுப் போனாங்க. அகழி தெரியற அறைதான் வேணும்னாங்க."

கன்னியப்பன் வாயைத் திறந்தான். அமிர்தவள்ளி அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

"அவங்க பேரு?"

"மீனாம்பாள். அவங்க வூட்டுக்காரரு இங்கே பள்ளிக்கூடத்து வாத்தியாரு."

மீனாம்பாள் யார் என்று அவளுக்குத் தெரியாதா? சித்தப்பன் மகள். பெற்றவர்கள் போன அன்று, "எங்க வூட்லயே சோத்துக்கு வழியில்ல" என்று கதவைச் சாத்திய சித்தப்பனின் மகள். எலுமிச்சை நிறம், கழுத்து நிறைய நகை, இஸ்திரி போட்ட பேச்சு. கையில் ஒரு கறை கிடையாது.

"அந்த அறையைக் கொஞ்சம் பாக்கலாமா, பாய்?"

பாஷா அழைத்துப் போனார். நல்ல அறைதான். தளவரிசை பளபளவென்று இருந்தது. ஜன்னலைத் திறந்ததும் அகழிக் காற்று வீசியது.

"இங்கேருந்து பாத்தா கோட்டை பூரா தெரியும்" என்று பாஷா எல்லாருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னார். "எங்க வேலூரைப் பத்தி ஒரு பேச்சு உண்டே, கேட்டிருப்பீங்க. தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை..."

"அக்கா இல்லாத கல்யாணம்" என்றாள் அமிர்தவள்ளி.

பாஷாவுக்குப் புரியவில்லை. அவள் மாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாடத்தில் ஒரு பித்தளை விளக்கு, புது மெருகில் தகதகத்தது. பக்கத்தில் புதுத் திரி. அவள் கிட்டே போய் அடிப்பீடத்தைத் திருப்பிப் பார்த்தாள். நசுங்கல் அப்படியே இருந்தது. அதை மட்டும் தட்டவேண்டாம் என்று அவள் சொல்லும் முன்பே சொல்லியிருக்கிறான், மகராசன்.

"அந்தம்மா வெச்சுட்டுப் போனாங்க. நாத்தனார் விளக்காம்" என்றார் பாஷா.

காட்பாடிச் சத்திரம் ஏன், அந்த உப்புக் கிணறு ஏன், விடியக்கால முகூர்த்தத்துக்கு 'எல்லாம் நான் பாத்துக்கறேன்' ஏன் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. ஜட்கா வரும். தாமதமாக வரும். ஆற்றைத் தாண்டி வந்து சேரும்போது பந்தி நடந்துகொண்டிருக்கும். மூன்றாவது முடிச்சை வெள்ளைக் கை ஒன்று போட்டு முடித்திருக்கும்.

எவனோ ஏமாற்றியிருந்தால் கோபம் வரும். இது அப்படி இல்லை. தான் ஊட்டிய வாயே பொய் சொல்லியிருக்கிறது. அவள் ஜன்னல் கிராதியைப் பிடித்துக்கொண்டாள்.

"வளத்த கடா மார்ல பாய்ஞ்சுடுச்சு" என்றான் கன்னியப்பன்.

அவள் விளக்கை மாடத்திலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அகழிப் பாலத்தைத் தாண்டிக் கோட்டை வாசலில் போய் நின்றாள். காவற்காரனிடம் சொல்லி அனுப்பினார்கள். வேதாசலம் வேர்க்க விறுவிறுக்க வந்தான்.

"இன்னாக்கா, இன்னும் போவலியா?"

"விளக்கு பட்டறையில இல்லடா. நீலக் கதவு வூட்டு மாடத்துல இருக்கு. பாத்துட்டு வர்றேன்."

வேதாசலம் இடமும் வலமும் பார்த்தான். "மெதுவாப் பேசுக்கா."

"என்னை யாருன்னுடா சொல்லி வெச்சிருக்கே பொண்ணு வீட்ல?"

"அக்கா, பொண்ணோட அப்பா கௌரவம் பாக்கறவர். ஷாப்புல வேலை செய்யறவங்கன்னு தெரிஞ்சா..."

"யாருன்னு சொன்னே?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். சரிகைத் தலைப்பாகை, நெற்றியில் திருநீறு. பெண்ணின் தகப்பனார், அதே ஆபீஸில் பெரிய குமாஸ்தா, சுந்தரமூர்த்தி. பெண் பார்த்துத் தாம்பூலமும் மாற்றிய நாளில் அமிர்தவள்ளிக்குக் காய்ச்சல் என்று வேதாசலம் அவளைக் கூட்டிப் போகவில்லை. அவளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, காய்ச்சல் என்று அவனேதான் சொன்னான்.

"யாருப்பா, ஊர்க்காரங்களா?" என்று சுந்தரமூர்த்தி கேட்டார்.

அக்காள் தம்பியைப் பார்த்தாள். இந்த ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், முன்னால் சொன்னதையெல்லாம் மறந்துவிடலாம் என்று அவள் மனசு கெஞ்சியது.

"ஆமாங்க, மாமா. சின்னதுல என்னை வளத்தவங்க" என்றான் வேதாசலம்.

"ஓ, அவங்களா! சொல்லியிருக்கியே." சுந்தரமூர்த்திக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கெட்ட மனிதர் இல்லை. "தாயில்லாப் புள்ளைய வூட்டோட இருந்து பாத்துக்கிட்டீங்களாமே. இந்தக் காலத்துல இவ்ளோ விசுவாசம் யாருக்கு இருக்கு? உங்களுக்கும் ஒரு புடவை எடுத்து வெச்சிருக்கோம். சாப்பாட்டு நேரத்துக்கு அவசியம் வந்துடணும். இன்னா வேதாசலம், சாயங்காலம் எங்க வூட்டம்மா மீனாம்பாளைக் கூட்டிக்கிட்டு ஜாகையைப் பாக்க வர்றா. நீயும் போய் இரு."

அவர் போய்விட்டார். கன்னியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"விசுவாசம்" என்றாள் அமிர்தவள்ளி. "நாய்க்கில்லடா அதைச் சொல்லுவாங்க?"

"நான் பொய் சொல்லலியேக்கா. நீதானே என்னை வளத்தே?"

அவள் அடித்திருப்பாள். அவனைப் பிறந்ததிலிருந்து அடித்ததில்லை, கை எழவில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறது கேட்டிருக்கேன்டா. முழு அக்காவை மறைக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"கல்யாணம் முடியட்டும்க்கா. நானே எல்லாத்தையும் எடுத்துச் சொல்றேன். உன் காலைப் புடிக்கறேன். இப்போ சொன்னா கல்யாணமே நின்னுபோய்டும். நான் நல்லா இருக்கறது உனக்குப் புடிக்காதா?"

இதுதான் அவளை வீழ்த்திப் போட்டது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டே சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவன் அவன். சட்டை வேண்டும் என்றபோதும் கேட்டான், காலேஜ் போகவேண்டும் என்றபோதும் கேட்டான். அப்போதெல்லாம் அவளிடம் கொடுக்க ஏதாவது இருந்தது. இப்போது அந்த மூன்றாவது முடிச்சு மட்டும்தான் மிச்சம்.

அவள் திரும்பி நடந்தாள். அகழிப் பாலத்தின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். கன்னியப்பன் போகிற வருகிறவர்கள் பார்க்காதபடி அவளை மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஊருக்குப் போய்டலாம், வள்ளி. அக்கா இருக்கற மட்டும்தான் மச்சான் உறவும்பாங்க. அக்காவே இல்லன்னுட்டான், எனக்கு அங்கே இன்னா வேலை? கல்யாணமும் வேணாம், கத்திரிக்காயும் வேணாம்."

அவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையைப் பார்த்தாள். கண்ணீர் பட்டும் கறுப்பு கரையவில்லை. அவ்வளவு சீக்கிரம் கரையக்கூடிய கறுப்பா அது?

"ஊருக்கு அப்புறம் போவலாம்" என்றாள். "ஜாகை பாக்கத்தானே வந்தோம்? பாத்து முடிச்சுட்டுப் போவோம்."

நீலக் கதவுக்கு அவர்கள் திரும்பியபோது அமீர் பாஷா தொழுகை முடித்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"கீழ்க்கட்டு பூரா எங்களுக்கு வேணும், பாய். ஷாப்பு ஜனம், சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். மாடியில காலியா இருக்கற அறையும் வேணும்."

"அது அந்த மீனாம்பாள் அம்மா அறைக்கு நேர் எதிர் அறையாச்சேம்மா. அவங்க பேஜார் பண்ணுவாங்களே?"

"பண்ணட்டும். அச்சாரம் வாங்கிக்கறீங்களா, மாட்டீங்களா?"

பாஷா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கறுத்த கையைப் பார்த்தார், அழுத கண்ணைப் பார்த்தார். மாடியில் அவள் விளக்கைத் திருப்பிப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வயசானவர், நாலு ஜனத்தைப் பார்த்தவர்.

"ஒங்களுக்கில்லாத ஜாகையா? வாங்கிக்கறேன்" என்றார். "யாருன்னு நானு கேக்கல. கேட்டாங்கன்னா இன்னா சொல்லட்டும்?"

அவள் மாடி ஏறிப் போனாள். திரும்பி வரும்போது கையில் விளக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜட்கா வந்து நின்றது. முதலில் மீனாம்பாள் இறங்கினாள், அரக்குப் பட்டு சரசரக்க. பின்னால் பருத்த சரீரத்தோடு பெண்ணின் தாயார் கமலம் அம்மாள். வண்டிக்குப் பின்னாலேயே வேதாசலம் ஓட்டமும் நடையுமாக வந்தான். கோட்டுப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

மாடிப்படியில் நிற்பது யார் என்று கண்டதும் மீனாம்பாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அடடா, கிணத்தடி, மரம், காத்து! ஜாகைன்னா இதுவல்ல ஜாகை" என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே உள்ளே வந்த கமலம் அம்மாள் விளக்கைப் பார்த்தாள். "இது நாத்தனார் விளக்கில்ல? மீனாம்பாள் காட்டினாளே. ஏம்மா, அதை நீ எதுக்குத் தூக்கினு நிக்கறே? யாரு நீ?"

நாலு பேச்சு அமிர்தவள்ளியின் நாக்கு நுனியில் நின்றது. ஒன்றைச் சொன்னாலும் போதும், கல்யாணம் அங்கேயே நின்றுபோகும். சொல்லாமல் விட்டாலும் போதும், அவள் பிறந்த பிறப்பே இல்லையென்று ஆகிவிடும். அமீர் பாஷா மருதாணிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படியிறங்கி வந்தாள். கமலம் அம்மாளைத் தாண்டினாள், மீனாம்பாளைத் தாண்டினாள். தம்பிக்கு நேர் எதிரே போய் நின்று, விளக்கை அவன் பக்கம் நீட்டினாள்.

"அம்மா கேக்கறாங்களே. நீயே சொல்லு, வேதா. நான் யாரு?"

வேதாசலம் அக்காளின் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தான்.